செயலி 115 கிராம் என்கிறது, தராசு 50 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: செங்கலடிப் பக்கம் பன்னிரண்டு செம்மறிக் குட்டிகளைக் கொட்டிலில் வைத்து வளர்க்கிறேன். பால் மறந்தவை, சராசரி 15 கிலோ. ஒரு குட்டிக்கு நாளுக்கு 2 கிலோ கினிப் புல், 150 கிராம் தவிடு, 70 கிராம் தேங்காய்ப் புண்ணாக்கு கொடுக்கிறேன். போனில் உள்ள தீவனக் கணக்குச் செயலியில் இதைப் போட்டால் நாளுக்கு 115 கிராம் கூடும் என்கிறது. ஒரு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தேன், 50 கிராம்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்கிற எண்ணம். செயலியை நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு நம்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். இந்தச் செயலிகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சமன்பாடுகள்தான். அமெரிக்காவில் 2007இல் வந்த ஆடு, செம்மறி போன்ற சிறிய அசைபோடும் பிராணிகளுக்கான தீவனத் தேவை அட்டவணை, பிரித்தானிய, அவுஸ்திரேலிய முறைகள் இவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து எடுத்திருப்பார்கள். அந்தக் கணக்கின் எலும்புக்கூடு சரியானது. பிழை அநேகமாக நாம் உள்ளே போடும் எண்களிலும், நாம் நிரப்பாமல் விட்ட கட்டங்களில் செயலி தானே நிரப்பிக்கொள்ளும் எண்களிலும் இருக்கும்.

உங்கள் 115 எப்படி வந்திருக்கும் என்று கையால் போட்டுப் பார்ப்போம். கினிப் புல்லில் கால்பங்கு உலர்பொருள் (நீர் போக மிஞ்சுவது) என்று வைத்தால் 2 கிலோவில் 500 கிராம். தவிடும் புண்ணாக்கும் சேர்ந்து 220, ஈரம் போக 200. ஆக 700 கிராம் உலர்பொருள். கிலோவுக்கு 10 மெகாயூல் அனுசேப சக்தி (உடம்பு பயன்படுத்தக்கூடிய சக்தி) என்றால் 7 மெகாயூல். 15 கிலோக் குட்டி வளராமல் உயிரோடு இருப்பதற்கே ஏறத்தாழ 3.4 மெகாயூல் போய்விடும். மிச்சம் 3.6. அதில் 40 சதவீதம் அளவுதான் உடம்பில் தசையாகவும் கொழுப்பாகவும் தங்கும், மற்றது வெப்பமாகப் போகும். தங்குவது 1.44 மெகாயூல். ஒரு கிலோ வளர்ச்சிக்கு 12.5 மெகாயூல் என்று வகுத்தால் 115 கிராம் வருகிறது. செயலி கணக்கில் தவறவில்லை.

சரி, இப்போது உங்கள் கொட்டிலுக்கு வருவோம். மழை பெய்து துளிர்த்த புல்லில் கால்பங்கு உலர்பொருள் இருக்காது. 22 சதவீதம் என்றால் 440 கிராம்தான். குட்டி தண்டை விட்டு இலையைத்தான் தின்னும், தொட்டியில் ஒரு 40 கிராமாவது மிஞ்சும். ஆக வயிற்றுக்குள் போவது 600 கிராம். இந்த ஒரு திருத்தத்திலேயே 115 என்பது 83 ஆகிவிடுகிறது. அடுத்தது தவிடு. நம் மில்களில் கிடைக்கும் தவிட்டில் உமி கலந்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதில் பெரும்பகுதி உமி. அப்படியான தவிடும் தண்டோடு கூடிய புல்லும் சேர்ந்த தீவனத்துக்கு 10 மெகாயூல் அதிகம், 9 என்று வையுங்கள். 83 இப்போது 64.

மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை: வளர்ந்து முடிந்த நிறை. இளசாக இருக்கும்போது கூடுவது தசையும் நீரும், முதிரும்போது கூடுவது கொழுப்பு. கொழுப்புக்குச் சக்தி அதிகம் வேண்டும். அவுஸ்திரேலியச் சமன்பாடு குட்டியின் இப்போதைய நிறை அதன் முழு வளர்ச்சியில் எத்தனை பங்கு என்றுதான் பார்க்கும். 60 கிலோவாக வளரும் இனத்தில் 15 கிலோக் குட்டி கால்வாசி தூரம்தான் வந்திருக்கிறது, ஒரு கிலோ கூட 12.5 மெகாயூல் போதும். 30 கிலோவில் நின்றுவிடும் இனமென்றால் அதே 15 கிலோ பாதித் தூரம், கிலோவுக்கு ஏறக்குறைய 20 மெகாயூல் வேண்டும். நீங்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் செயலி பெரிய இனமென்று எண்ணிக்கொண்டிருக்கும். 30 என்று திருத்தினால் 64 என்பது 40 ஆகும்.

நீங்கள் கண்டது 50. 40க்கும் 64க்கும் நடுவில். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கம்பளி இல்லாத வெப்பநாட்டுச் செம்மறிகளின் உடலமைப்பு ஐரோப்பிய ஆடுகளிலிருந்து வேறுபடும், அதனால்தான் பிரேசிலில் சாந்தா இனேஸ், மொராடா நோவா போன்ற இனங்களை வைத்துத் தேவைகளைத் தனியாக அளந்திருக்கிறார்கள். செயலியில் அந்தத் தெரிவு இருந்தால் அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் 50ஐயும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டேன். செம்மறியின் நிறையில் வயிற்றிலிருக்கும் தீனியும் தண்ணீரும் பெரும் பங்கு. நிறுக்கும் முன் ஒரு லீற்றர் தண்ணீர் குடித்தால் ஒரு கிலோ கூடிவிட்டது. உங்கள் குட்டிகள் ஒரு மாதத்தில் கூடியதே ஒன்றரைக் கிலோ. அதில் அரைக் கிலோ வயிற்றுப் பிழை என்றால் உண்மை 33 ஆகவும் இருக்கலாம், 67 ஆகவும் இருக்கலாம். அதே அரைக் கிலோப் பிழை எட்டு வாரத்தில் நாளுக்கு 9 கிராமாகச் சுருங்கிவிடும். ஆகவே சோதனை என்றால் குறைந்தது 56 நாள். விடியற்காலை, தீனியும் தண்ணீரும் வைக்கும் முன், எப்போதும் ஒரே நேரத்தில் நிறுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அடுத்தடுத்த இரண்டு நாள் நிறுத்துச் சராசரி எடுங்கள், இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். உரப்பையில் குட்டியை வைத்துத் தொங்கு தராசில் நிறுப்பவர்கள் பையின் நிறையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

சோதனையை எப்படி வைப்பது? ஒரே தீவனத்தில் எல்லாக் குட்டியையும் வளர்த்தால் செயலி கூடச் சொல்கிறதா குறையச் சொல்கிறதா என்பது மட்டும் தெரியும். தீவனத்தை மாற்றும்போது அதன் பேச்சு கூடவே வருகிறதா என்பது தெரியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான், ஏனென்றால் “இன்னும் நூறு கிராம் புண்ணாக்கு வாங்கலாமா” என்பதுதானே நீங்கள் அதனிடம் கேட்கப் போகும் கேள்வி. பன்னிரண்டையும் நிறை ஒத்துவரும்படி ஆறு ஆறாகப் பிரியுங்கள். ஒரு பட்டிக்கு இப்போதைய தீவனம். மற்றதற்கு அதோடு தலைக்கு 300 கிராம் வாடவைத்த கிளிரிசீடியா இலை, புண்ணாக்கு இப்போதையதைப் போல் இரண்டு மடங்கு. புண்ணாக்கு, தவிடு போன்ற அடர் தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் கழிச்சல், குடல் நஞ்சு என்று குட்டி சாகும், முதல் இரண்டு வாரம் மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்குங்கள். அந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வைத்த புல்லையும் மறுநாள் மிஞ்சியதையும் தினமும் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கிலோப் புல்லை நறுக்கி வெயிலில் நிறை மாறாத வரை காயவைத்தால் உலர்பொருள் ஓரளவுக்குக் கிடைத்துவிடும். தவிட்டின் புரதம் வீட்டில் பார்க்கக்கூடியதல்ல. அதற்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில், அல்லது உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நான் கிளிரிசீடியாவைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் தீவனத்தில் புரதம் 10 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும் போல் தெரிகிறது, வளரும் குட்டிக்கு 14 அளவிலாவது நல்லது. கிளிரிசீடியா இலையின் உலர்பொருளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். நல்ல கணக்கு முறைகள் இரண்டு எண் தரும்: சக்தி எவ்வளவு வளர்ச்சியை அனுமதிக்கிறது, புரதம் எவ்வளவு அனுமதிக்கிறது. இரண்டில் சிறியதுதான் தராசில் வரும். உங்கள் செயலி சக்தியை மட்டும் பார்க்கும் வகையென்றால் புரதக் குறையை அது கண்டுகொள்ளாது.

முடிவில் செயலிக்குள் அது ஊகித்த தீனியைப் போடாமல் நீங்கள் தராசில் நிறுத்துப் பார்த்த தீனியைப் போடுங்கள். இரண்டு பட்டியிலும் தராசைவிட ஒரே அளவாகக் கூடச் சொன்னால் பெரிய விஷயமில்லை, அந்த அளவைக் கழித்துக்கொண்டு பாவிக்கலாம். பட்டிகளுக்கு இடையிலான வித்தியாசத்தையே தப்பாகச் சொன்னால்தான் அது உங்களுக்குப் பயனில்லை. கண்டிப்பான ஆய்வாளர் ஒரு பட்டி ஆறு குட்டிகளையும் ஒரே தரவாகத்தான் எண்ணுவார், தனித்தனியே தீனி அளக்கவில்லையே. கொட்டில் முடிவுக்கு இது போதும்.

எந்தக் காலத்தில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கைக்குக் குட்டி பகலில் தின்னாது, தீனியில் பெரும்பங்கைப் பொழுதுபட்டபின் வையுங்கள். மாரியில் வேறு தொல்லை: இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு. கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள், வெளிறியிருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து. புழுவோடு எடுத்த நிறையை வைத்துச் செயலியைக் குறை சொல்வது நியாயமில்லை. அறுவடை முடிந்த படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) வயலில் மேயவிட்டும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, தின்றதை அளக்க வழியில்லை. நாளுக்கு ஐந்து கிலோமீற்றர் நடக்கிற நடைக்கே பத்துக் கிராம் வளர்ச்சி போகும்.

பெருநாளைப் பொறுத்தவரை, நாளுக்கு 50 கிராம் என்றால் நூறு நாளில் ஐந்து கிலோ. வியாபாரியிடம் அதற்கு மேல் சொல்லி முற்பணம் வாங்க வேண்டாம்.

இன்னுமொன்று. மலிவு என்று செயலி தவிட்டைக் கூட்டச் சொல்லும். தவிட்டில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு. கிடாய்க் குட்டிக்குச் சிறுநீர்க் கல் அடைத்து முக்கிக்கொண்டு நிற்கும். உப்பும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து, தண்ணீர் குறையாமல் வையுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் கனியுப்புக் கலவையைக் கொடுக்காதீர்கள், அதிலுள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சு.