நண்பர் பெயரில் உரிமம், என் பணத்தில் சுரங்கம்: ஒப்பந்தம் செல்லுமா?

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். எட்டு ஆண்டுகளாகக் கானாவில், அக்ராவில் வேலை செய்கிறேன். அந்நாட்டு நண்பர் ஒருவருக்குத் தார்க்வா பக்கம் 25 ஏக்கரில் சிறுசுரங்க உரிமம் இருக்கிறது. நான் எக்ஸ்கவேட்டர் வாங்கிக் கொடுத்தால், எடுக்கும் தங்கத்தில் 40 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். 60,000 செடி (கானா நாணயம்) முன்பணம் கொடுத்துவிட்டேன். நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். தலைப்பில் ‘தொழில்நுட்ப உதவி’ என்று இருக்கிறது. நான்காவது பத்திக்கு வந்தால் தங்கத்தில் பங்கு. ஏழாவது பத்தியில் ஆட்கள், டீசல், கணக்கு எல்லாம் உங்கள் பொறுப்பு. உரிமம் அவருடையது, சுரங்கம் உங்களுடையது என்பது படிக்கிற எவருக்கும் புரிந்துவிடும். கானாவின் 2006ஆம் ஆண்டுக் கனிமங்கள், சுரங்கச் சட்டம் (எண் 703) சிறுசுரங்க உரிமத்தை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. சட்டம் தடுத்ததை நோட்டரி முத்திரை சரியாக்காது. நாளை நண்பர் பங்கு தர மறுத்தால், இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் நீதிமன்றப் படியேற முடியாது.

பணத்தைவிட எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். அங்கே ‘கலாம்சே’ என்று சொல்லப்படும் சட்டவிரோதச் சுரங்கத்தால் பிரா, அங்கோப்ரா ஆறுகள் சேறாகிக் கிடக்கின்றன. மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தி, இதில் ஈடுபடும் வெளிநாட்டவருக்குக் குறைந்தது 20 ஆண்டு சிறை என்று ஆக்கிவிட்டார்கள். இயந்திரமும் பறிமுதலாகும்.

அப்படியானால் வெளிநாட்டவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீளமானது. கானாவில் கம்பெனி பதிவு செய்து, அதன் பெயரில் ஆய்வு உரிமமும் பிறகு சுரங்கக் குத்தகையும் பெற வேண்டும். குத்தகை கிடைத்ததும் 10 சதவீதப் பங்கு இலவசமாக அரசுக்குப் போகும். அப்புறம், குத்தகையில் அமைச்சர் கையெழுத்தைப் பார்த்ததும் பலர் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். அது போதாது. அரசமைப்பின் 268ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றமும் அங்கீகரிக்க வேண்டும். நியினாஹின் பகுதி பாக்சைட் குத்தகைகளை 2019இல் கானா உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதற்கு இந்த அங்கீகாரம் இல்லாதது முக்கியக் காரணம். அமைச்சரே கையெழுத்திட்ட குத்தகைகள் அவை.

சரி, சுரங்கம் வேண்டாம், தோண்டுபவர்களிடம் தங்கம் வாங்கி விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் ஒதுக்குங்கள். 2025 மே 1 முதல் உள்நாட்டுச் சந்தையில் வெளிநாட்டவர் தங்கம் வாங்கக் கூடாது. கானா அரசின் தங்க வாரியமான கோல்ட்போர்டு வழியாகத்தான் முடியும்.

கொடுத்த முன்பணத்துக்கு வருகிறேன். சட்டவிரோத ஒப்பந்தத்தில் கைமாறிய பணத்தை நீதிமன்றம் பொதுவாக மீட்டுத் தராது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே மனம் மாறி விலகியவர் கேட்டால் ஓரளவு இடம் உண்டு. இன்னும் இயந்திரம் வாங்கவில்லை, ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை என்கிறீர்கள். அதனால் இந்த வாரமே அக்ராவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, விலகுவதாகவும் பணத்தைத் திருப்பித் தரும்படியும் நண்பருக்கு எழுத்தில் கொடுங்கள். பணம் அனுப்பிய வங்கி ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.