சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடுமா?

தம்பி, ஹட்டனில் 12 மணிநேரக் காவல் வேலை, தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் நிறுத்திவிடுவோம் என்று கம்பனியில் மிரட்டுகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். சங்கத்தில் சேர்வது இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. அதற்காக வேலையைவிட்டு நிறுத்துவது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தப்படி குற்றம். 7 பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். ஆனால் கம்பனி அதை ஏற்றுப் பேசியே ஆகவேண்டுமென்றால் சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் 40 சதவீதம் பேர் அதில் இருக்க வேண்டும். ஆளை ஆங்காங்கே பிரித்துப் போடும் காவல் வேலையில் அதுதான் கஷ்டம். ஏற்கெனவே உள்ள சங்கத்தில் சேருங்கள்.

அப்புறம், சம்பளத் துண்டைப் பாருங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்களிடம் 8 சதவீதம் வெட்டினால் கம்பனி 12 போட வேண்டும். இரவு வேலையில் வரவுக் கையெழுத்துப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து வையுங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடப் போனால் அது சான்றாக உதவும்.