எந்த மென்பொருளில் படத்தைத் திருத்துவது?

25 வருடங்களாகப் படம் திருத்துவதுதான் என் வேலை. கிழிந்தவை, வெளுத்தவை, இருட்டில் எடுத்தவை என்று எல்லாம் என் மேசைக்கு வரும். ஃபோட்டோஷாப்பில் கற்றேன். இப்போது பாதி வேலை கிம்ப், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள்களில் நடக்கிறது. இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மென்பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பல வருடமாக ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்டுகிறேன். பாரமாக இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்புக்கு மாறினால் எதையெல்லாம் இழப்பேன்?

நீங்கள் திருத்தும் படம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று எழுதவில்லை. பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அச்சகத்துக்குப் போகிறது என்றால் அவசரப்பட வேண்டாம். அச்சகம் நான்கு மைகளில் வேலை செய்கிறது. ஃபோட்டோஷாப்பில் படத்தை அந்த நான்கு மைகளாகவே வைத்துக்கொண்டு, கறுப்பு மையை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம், கூட்டலாம். கிம்ப் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களில்தான் வேலை செய்யும். அச்சில் எப்படி வரும் என்று திரையில் ஒத்திகை பார்க்கலாம், கடைசியில் நான்கு மைக்கு மாற்றியும் கொடுக்கலாம். ஆனால் திருத்தும்போதே மையைத் தொட முடியாது. தினமும் அச்சுக்குக் கொடுப்பவருக்கு இது பெரிய குறை.

படம் திரையில்தான் பார்க்கப்படும், அல்லது ஃபோட்டோ பேப்பரில் பிரிண்ட் போடப்படும் என்றால் கிம்ப் தாராளமாகப் போதும். திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர், அதில் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் மாஸ்க், வெளிச்சத்தைச் சரிசெய்யும் கர்வ்ஸ், கீறலை மறைக்கும் ஹீல் எல்லாம் இருக்கின்றன. இவற்றை வைத்துத்தான் நான் மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன்.

அப்படியானால் கிம்ப்பை நம்பி இறங்க நான் ஏன் இவ்வளவு காலம் தயங்கினேன்? காரணம் ஒன்றுதான்: செய்த திருத்தத்தைப் பிறகு திறந்து மாற்றும் வசதி அதில் இல்லை. ஃபோட்டோஷாப்பில் அது எப்போதோ வந்துவிட்டது. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-ல் வந்தது. தாமஸ் நால், ஜான் நால் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. அதில் லேயரே கிடையாது. லேயர் 1994-ல் வந்தது. 1996-ல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வந்தது. என்னைப் போன்றவர்களின் வேலையை அடியோடு மாற்றியது இதுதான். அதற்கு முன்னால் வெளிச்சத்தைக் கூட்டினால் படத்தின் புள்ளிகளே மாறிவிடும். அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் அந்தத் திருத்தம் ஒரு கண்ணாடித் தாளைப் போலப் படத்தின் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும். பத்து நாள் கழித்துப் படம் கொடுத்தவர் வந்து "முகம் கொஞ்சம் வெளுத்துவிட்டது" என்றால், அந்தத் தாளை மட்டும் சரிசெய்தால் போதும்.

கிம்ப்பும் 1996-ல்தான் முதலில் வெளிவந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. ஆனால் போட்ட ஃபில்டரை, அதாவது படத்தின் மேல் ஓட்டிய திருத்தத்தை, பிறகு திறந்து மாற்றும் வசதி அதற்கு 2025 மார்ச்சில், 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் லேயரை நகல் எடுத்து வைக்க வேண்டும். நகல் எடுக்க மறந்த நாள்களில் காலையில் செய்த வேலையை மாலையில் மறுபடி செய்திருக்கிறேன். இன்று அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. அதனால்தான் இப்போது மாறலாம் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியில் உள்ள பழைய ஃபைல்களை கிம்ப் திறக்கும். ஆனால் அதிலுள்ள எல்லாமே அப்படியே வந்து சேராது. மூலப்படத்தை உள்ளே பொதித்து வைக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்றவை வெறும் படமாகிவிடும். எனவே சந்தாவை நிறுத்துவதற்கு முன் முக்கியமான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, முடிந்த படத்தை, பல மென்பொருள்களும் திறக்கும் டிஃப் ஃபைலாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தா நின்ற பிறகு ஃபைல் உங்களிடம் இருக்கும், அதை முழுமையாகத் திறக்கும் மென்பொருள் இருக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சின்ன மென்பொருளைப் பயன்படுத்தினேன். கைக்கு அடக்கமானது, வேகமானது. இரண்டு வருட வேலையை அதன் சொந்த ஃபைல் வடிவத்திலேயே சேமித்தேன். அதைத் தயாரித்தவர்கள் கைவிட்டார்கள், புதிய கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை. அந்த ஃபைல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. அதிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன். மூலப்படத்தைத் தொடாமல் வேலை செய்கிறதா? நாளைக்கு இது இல்லாமல் போனால் என் படம் என்ன ஆகும்? மற்ற வசதிகளெல்லாம் அப்புறம்தான்.

லைட்ரூம், ஃபோட்டோஷாப் இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

ஒரே நிகழ்ச்சியில் 600 படம் எடுத்தவருக்கு லைட்ரூம். ஒரே படத்தில் ஆறு மணி நேரம் உட்காருபவருக்கு ஃபோட்டோஷாப்.

2007-ல் வந்த லைட்ரூம் படத்தைத் தொடுவதே இல்லை. "வெளிச்சம் இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு திற" என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு படத்துக்கு எழுதிய குறிப்பை 50 படத்துக்கு ஒரே நொடியில் ஒட்டலாம். ஆனால் குறிப்புகள் எல்லாம் கேட்டலாக் என்ற ஒரே ஃபைலில் இருப்பதுதான் வழக்கம். அது கெட்டுப்போனால், நீங்களும் நகல் எடுத்து வைக்கவில்லை என்றால், உழைப்பு போய்விடும். சந்தா நின்றுபோனாலும், இப்படிக் கேட்டலாக் வைத்து வேலை செய்யும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். இதை நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

டார்க்டேபிள் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைலில் குறிப்பை எழுதி வைப்பதால் படத்தோடு குறிப்பும் சேர்ந்தே பயணம் செய்யும். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்வது கடினம். ஒரே காரியத்துக்கு மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், எது சரி என்று புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. லைட்ரூமில் எழுதிய குறிப்பு டார்க்டேபிளுக்கு முழுசாகப் புரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் மாறினால் பழைய திருத்தங்களில் பெரும்பகுதியை மறுபடி செய்ய வேண்டிவரும்.

ரா ஃபைலில் எடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல மென்பொருள் இருந்தால் ஜேபெக் போதாதா?

எந்த மென்பொருளாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது ரா ஃபைல், அதைச் சுருக்கிச் செய்தது ஜேபெக். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இருண்ட முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது வித்தியாசம் தெரியும். ஜேபெக்கில் கன்னத்தில் பட்டை பட்டையாக வரும். நன்றாக வெளிச்சத்தில் எடுத்த படத்தை லேசாகத் திருத்துவதற்கு ஜேபெக்கே போதும். ஆனால் ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, அதன் மேலேயே சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருக்கப்படுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

போனில் ஸ்னாப்சீட் வைத்திருக்கிறேன். அது போதுமா?

போதும். செய்த திருத்தங்களை வரிசையாக வைத்திருந்து, நடுவில் உள்ள ஒன்றை மட்டும் மாற்ற விடுகிறது. போன் செயலியில் இது அருமையான விஷயம். லேயர் வைத்து வேலை செய்ய முடியாது. அது வேண்டும் என்று தோன்றும் நாளில் மட்டும் கம்ப்யூட்டருக்கு வாருங்கள்.

பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியாவில் குடும்பப் படங்களைத் திறக்கலாமா? படம் வேறெங்காவது போய்விடுமோ என்று பயம்.

வழக்கமான திருத்தங்களுக்குப் படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை, வேலை பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. பிஎஸ்டி ஃபைல்களையும் நன்றாகத் திறக்கும். பெரிய ஸ்கேன்களைப் போட்டால் திணறும். ஏஐ கருவிகள் பொதுவாக வேறு மாதிரி, படத்தை வெளியே அனுப்பித்தான் வேலை செய்யும். எந்த மென்பொருளானாலும், படம் வெளியே அனுப்பப்படுகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பாட்டியின் படம் ஒன்றுதான் இருக்கிறது. முகத்தின் குறுக்கே மடிப்பு. ஏஐ மென்பொருளில் போட்டேன், பளிச்சென்று வந்தது. ஆனால் அம்மா பார்த்துவிட்டு "இது யார்?" என்று கேட்டார்.

உங்கள் அம்மாவின் கண்ணை நம்புங்கள். அந்த மென்பொருள் உங்கள் பாட்டியைப் பார்த்ததில்லை. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகியது. மடிப்பு விழுந்த இடத்தில் "இப்படித்தான் கண் இருக்கும்" என்று ஒரு கண்ணை வரைந்து வைக்கிறது. அழகான கண்தான், பாட்டியின் கண் இல்லை.

ஏஐ வருவதற்கு முன்னாலேயே நான் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒருவர் தன் தாயின் படத்தைக் கொடுத்தார். முழுக்கத் தூசும் கீறலும். தூசு நீக்கும் ஃபில்டரைப் படம் முழுவதும் ஓட்டி, தோலைச் சமன்செய்து, பெருமையோடு கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "உதட்டுக்குப் பக்கத்தில் மச்சம் இருக்குமே?" என்றார். ஃபில்டருக்கு மச்சமும் தூசும் ஒன்றுதான். எனக்கு இரண்டும் வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். மூலப்படம் கீழ் லேயரில் அப்படியே இருந்ததால், அந்த இடத்தில் மாஸ்க்கைத் திறந்து மச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது.

ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் உள்ள சுவர், வெளுத்துப்போன வானம், கிழிந்த ஓரம் இவற்றுக்கு நானும் பயன்படுத்துகிறேன். கையால் ஒரு நாள் ஆகும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. முகத்துக்குள் மட்டும் விடுவதில்லை. அங்கே ஹீலிங் பிரஷ்தான். ஃபோட்டோஷாப்பில் 2002-ல் வந்தது, கிம்ப்பில் ஹீல் என்ற பெயரில் இருக்கிறது. குளோன் கருவி ஓர் இடத்தை அப்படியே பிரதி எடுத்து ஒட்டும். ஹீலிங் பிரஷ் பக்கத்துத் தோலின் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒட்டும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் சேர்த்துவிடும். தூரிகையை மடிப்பின் அகலத்தைவிடச் சற்றுத்தான் பெரிதாக வையுங்கள். ஒரே இழுப்பில் இழுக்காமல் சின்னச் சின்னதாகத் தொட்டுப் போங்கள்.

அந்தப் படத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறையாமல், டிஃப் ஃபைலாக. அதை நகல் எடுத்து நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மடிப்பு கண்ணுக்குள் போய், அங்கே ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அந்தக் கோட்டை லேசாக மங்கலாக்கிவிட்டு விட்டுவிடுங்கள். முடிக்கும் வரை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.