கணிதம் படித்தவர் நூலக அறிவியலுக்கு வரலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். நூலகம் மற்றும் தகவல் அறிவியல் படிக்க ஆசை. 'அறிவு மேலாண்மை' என்றும் சொல்கிறார்களே, எதில் சேர்வது? புத்தகம் அடுக்குகிற வேலைக்கு எதற்குப் பட்டம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வாசகி, தென்காசி

தாராளமாக வரலாம். இந்தத் துறைக்கு நம் நாட்டில் அடித்தளம் போட்ட சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனே கணக்கு வாத்தியார்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலக அறிவியல் இளங்கலையான பி.லிப். படிக்க எந்தப் பட்டமும் போதும், ஓராண்டு. அப்புறம் முதுகலையான எம்.லிப். இன்னோர் ஆண்டு. இரண்டையும் சேர்த்து ஈராண்டு முதுகலையாக நடத்தும் இடங்களும் உண்டு.

வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நூலகப் பட்டியலில் ஓர் அட்டையில் 'உ.வே. சாமிநாதையர்', இன்னொன்றில் 'சாமிநாத ஐயர்', வேறொன்றில் வெறும் 'உ.வே.சா.' என்று இருக்கும். ஆங்கில எழுத்தில் வந்தால் இன்னும் நாலு விதம். எதைத் தட்டித் தேடினாலும் அவருடைய எல்லா நூல்களும் ஒருசேர வர வேண்டுமானால், ஒரு வடிவத்தை நிலையான தலைப்பாக வைத்து மற்றவற்றை அதோடு இணைக்க வேண்டும். தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும் புனைபெயரும் கலந்து புழங்கும் தமிழில் இது லேசான வேலை இல்லை. இதைச் சரியாகச் செய்யாத நூலகத்தில், அலமாரியில் இருக்கிற புத்தகமே 'இல்லை' என்றாகிவிடும்.

அறிவு மேலாண்மை வேறு திசை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி வகைப்பாட்டில் நூலக அறிவியலுக்கு எண் 020. அறிவு மேலாண்மை நூல்களோ 658இல், நிர்வாகவியலோடு இருக்கும். ஆலையில் நெடுங்காலம் கொதிகலனைக் கவனித்த பொறியாளர் ஓய்வு பெறுகிறார். எந்தச் சத்தம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் கிடையாது, அவருக்குத்தான் தெரியும். அவரைப் பேசவைத்து, பதிந்து, பொருள்வாரியாகப் பிரித்து, அடுத்தவர் தேடி எடுக்கும்படி வைப்பதுதான் அந்த வேலை. பிரிப்பதும் தேடவைப்பதும் நூலகவியல் கற்றுத்தருபவை. ஆகவே முதலில் நூலகவியல் படியுங்கள். அறிவு மேலாண்மை பல இடங்களில் எம்.லிப்.பிலேயே ஒரு பாடமாக வரும்.

சேர்வதற்கு முன் துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். நூலகப் பணிகளை நடத்தும் கோஹா, மின் ஆவணங்களைச் சேமித்துத் தரும் டிஸ்பேஸ் ஆகிய மென்பொருள்களில் மாணவர்கள் தாங்களே வேலை செய்கிறார்களா, ஆசிரியர் திரையில் காட்டுவதோடு சரியா என்று அங்கே படிப்பவர்களிடம் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டும் இலவசம் என்பதால் கற்றுத்தராததற்குப் பணத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஏற்கெனவே நூலகத்தில் வேலை பார்ப்பவருக்குத் தொலைநிலைக் கல்வி போதும். உங்களுக்கு வேண்டாம், கைப்பழக்கம் வராது.

கல்லூரி நூலகர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட்டில் தேர்ச்சியும் கேட்பார்கள். எம்.லிப். படிக்கும்போதே நெட்டுக்குத் தயாராகத் தொடங்குங்கள்.

கணிதம் கைவசம் இருப்பதால், பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் இயங்கும் டி.ஆர்.டி.சி. என்கிற ஆவணவாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தையும் பாருங்கள். 1962இல் ரங்கநாதன் தொடங்கியது. முதுகலைக்கு நுழைவுத் தேர்வு உண்டு. தகுதி விதிகளை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.