எஸ்டிஎம்-16னா எத்தனை எம்பிபிஎஸ் (செகண்டுக்கு மெகாபிட்)?

கோத்தகிரி லிங்க் பேப்பர்ல எஸ்டிஎம்-16னு, அதாவது ஃபைபர் லிங்க்கோட வேக அளவு, மட்டும் போட்டிருக்கு, எம்பிபிஎஸ்ல எவ்ளோ, எத்தனை ஈ1 (2.048 எம்பிபிஎஸ் லைன்) ஏறும்னு கேட்டிருக்கீங்க. 155.52 மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, அதுதான் எஸ்டிஎம்-1, மத்ததெல்லாம் பெருக்கல்தான், 16ஆல பெருக்கினா 2488.32, வாய்ல சொல்றப்ப 2.5 ஜி, அதாவது கிகாபிட்.

அந்த 155.52 எப்படி வந்துச்சுனா, ஒரு ஃபிரேம்ல 9 வரிசை, வரிசைக்கு 270 பைட், ஆக 2430 பைட், அதாவது 19,440 பிட், இந்த ஃபிரேம் செகண்டுக்கு 8000 தடவ போகுது, பெருக்கிப் பாருங்க. 8000 ஏன்னா சாதாரண லேண்ட்லைன் ஃபோன்ல குரலை செகண்டுக்கு அத்தனை தடவதான் சாம்பிள் எடுப்பாங்க.

அமெரிக்க முறை பாக்ஸா இருந்தா எஸ்டிஎம்-16க்குப் பதிலா ஓசி-48னு இருக்கும், ரெண்டும் ஒரே வேகம்தான், எஸ்டிஎம் நம்பரை 3ஆல பெருக்கினா ஓசி நம்பர்.

ஈ1 கணக்குலதான் வழுக்கும். குன்னூர்ல ஒரு ராத்திரி, வெளிய மிஸ்ட்ல லைட் கம்பம்கூட தெரியல, நான் 155.52ஐ 2.048ஆல வகுத்து 75 ஈ1னு எழுதிக் குடுத்துட்டேன். ஓவர்ஹெட் (லிங்க்கை நடத்தவே செலவாகுற பிட்) எல்லாம் போக எஸ்டிஎம்-1ல 63தான் ஏறும், எஸ்டிஎம்-16ல 1008. காலைல சீனியர் அந்தப் பேப்பரை எடுத்து டீ கிளாஸுக்கு அடியில வச்சுட்டார்.

மெகாபைட்ல வேணும்னா 8ஆல வகுங்க, எஸ்டிஎம்-1க்கு 19.44. இங்க மெகானா பத்து லட்சம்தான், 1024 கணக்கை உள்ள இழுக்காதீங்க.