அப்பாவின் நெஞ்சில் நீர், வீட்டின் மேல் அஸ்பெஸ்டோஸ் கூரை

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சிகரெட் பழக்கமே கிடையாது. இளவயதில் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) ஃபிட்டராக இருந்தார். பொய்லர் குழாய்களுக்கு வெள்ளைச் சாந்து குழைத்துப் பூசுவாராம், அந்த உடுப்புகளை அம்மாதான் துவைப்பார். பிறகு கொழும்பில் கூரை வேலை. மூச்சு வாங்குகிறது என்று போனதில், வலப்பக்க நெஞ்சில் இரண்டு தடவை நீர் எடுத்தார்கள். காசநோய் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது மீசோதீலியோமாவாக இருக்கலாம், பயோப்சி வேண்டும் என்கிறார்கள். இது ஒட்டுமா? எங்கள் வீட்டுக் கூரையும் அஸ்பெஸ்டோஸ் சீட்தான். கழற்றிவிடவா?
– மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகள்

பதில்: மீசோதீலியோமா ஒட்டாது. காசநோய் இல்லை என்பதை மட்டும் வைத்தியரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மடியில் தாராளமாக ஏறலாம்.

சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. இது நுரையீரலுக்குள் வருவதில்லை, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய். சிலருக்கு வயிற்றுச் சவ்விலும் வரும். பெரும்பாலும் காரணம் அஸ்பெஸ்டோஸ் தூசுதான். அதன் நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மூச்சோடு உள்ளே போனால் உடம்பால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியேற்றவும் முடியாது. சவ்வில் தங்கி ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். அப்பா எப்போதோ மறந்துபோன வேலைக்கு உடம்பு இப்போதுதான் கணக்குக் கேட்கிறது.

பழைய பொய்லர், நீராவிக் குழாய்களின் வெப்பக்காப்புச் சாந்தில் அஸ்பெஸ்டோஸ் கலப்பது அந்தக் காலத்தில் உலகெங்கும் நடந்ததுதான். அப்பா குழைத்ததும் அதுவாக இருந்திருக்கலாம். கூரை வேலையில் சீட்டை வாளால் அறுத்து, துளையிட்டு, தூசுக்கு நடுவே நின்றிருப்பார்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டார்களா? கிளினிக் கொப்பியில் "தோட்டத் தொழிலாளி" என்று மட்டும் இருந்தால் கொழுந்து மலையில் நின்றவர் என்றுதான் வைத்தியர் நினைப்பார். நெஞ்சில் நீர் என்றால் நம் நாட்டில் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும், அதில் தவறும் இல்லை. ஆகவே அப்பாவை உட்கார வைத்து, எந்த வயதில், எங்கே, என்ன வேலை, எவ்வளவு தூசு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெயர், ஆண்டு மறந்திருந்தால் ஈபிஎஃப் பதிவில் வேலை கொடுத்தவர் விவரம் இருக்கும். நோய் உறுதியானால், 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கேட்க வழி உண்டா என்று தொழில் திணைக்களத்தில் விசாரிக்கவும் இதே தாள் உதவும். தாமதிக்க வேண்டாம்.

எடுத்த நீரில் புற்றுநோய் உயிரணு தெரியாமல் போவது இந்த நோயில் சாதாரணம். அதனால்தான் பயோப்சி. கத்தி பட்டால் பரவும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். ஊசி போன வழியில் சிறு கட்டி வருவது சிலரிடம் உண்டுதான். ஆனால் சதையைப் பரிசோதிக்காமல் சிகிச்சையைத் தொடங்க முடியாது, செய்தே ஆகவேண்டும்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: முற்றாகக் குணமாவது மிக அரிது. பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் மருந்துகள் சில மாதங்களைக் கூட்டித் தரும். நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் டால்க் தூள் செலுத்திச் சவ்வுகளை ஒட்டவைக்கலாம். மூச்சு வாங்குவது குறையும். வலி மருந்துக்குத் தயங்காதீர்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால், தாளையும் ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

இனிக் கூரை. உடையாத, உதிராத சீட்டின் கீழ் படுப்பதால் பெரிய ஆபத்தில்லை. நார் சிமெந்தோடு இறுகியிருக்கும். நோண்டினால்தான் வம்பு. நம் ஊர் ஈரத்தில் பாசி பிடிக்கும், உடனே கம்பி பிரஷ்ஷோடு ஏறிச் சுரண்டுவார்கள். அதைச் செய்யாதீர்கள். கிரைண்டரால் வெட்டவும் கூடாது. காற்றில் உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கோ மரக்கறிப் பாத்திக்கோ வைப்பதும் வேண்டாம். நனைத்து, தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி, எங்கே போடுவதென்று பிரதேச சபையிடம் கேளுங்கள். மாற்றும் வசதி வரும்போது தண்ணீர் அடித்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

இந்த சீட்டுகள் ஏன் இன்னும் கடையில் இருக்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டோஸை ஏற்றுமதி செய்யும் பெரிய நாடும் அதுதான். இங்கே கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது, அங்கே தேயிலைத் தடை நீங்கியது. நாம் பறித்த கொழுந்தைக் காட்டி நம் கூரைக்கே பேரம் பேசியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கடைசியாக அம்மா. தூசு படிந்த உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. தென்னாபிரிக்காவில் வாக்னர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1960இல் வெளியிட்ட 33 மீசோதீலியோமா நோயாளர் பட்டியலிலேயே, அஸ்பெஸ்டோஸ் சுரங்கத்தில் வேலை செய்யாமல் அதன் அருகில் மட்டும் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அம்மாவுக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால் இப்போது ஸ்கேன் தேவையில்லை. மூச்சு வாங்குதல், விடாத நெஞ்சு வலி, காரணமில்லாமல் மெலிதல் இருந்தால், "கணவரின் உடுப்பைப் பல வருடம் துவைத்தேன்" என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லட்டும்.