ரீப்ளேஸ் போட்டேன், ஒன்றும் மாறவில்லை!

கேள்வி: பிளாக்குகளை ஒட்டி மொபைல் ஆப் செய்யும் ஆப் இன்வென்டரில், ஒன்றைத் தேடி வேறாக்கும் ‘ரீப்ளேஸ் ஆல் டெக்ஸ்ட்’ பிளாக் பட்டன் கிளிக்குக்குள் ஒட்டவே மாட்டேன் என்றது. ‘இவேலுவேட் பட் இக்னோர் ரிசல்ட்’டில் சொருகினால் ஒட்டுகிறது, ஆனால் வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி) அப்படியே இருக்கிறது. பக்-ஆ?

பதில்: பக் இல்லை. ஒட்ட மறுத்தபோதே அது விஷயத்தைச் சொல்லிவிட்டது. இடப்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பிளாக் எல்லாம் மதிப்பைத் திருப்பித் தரும் ரகம். இதுவும் மூல எழுத்தைத் தொடாமல் புதிதாக ஒன்றைச் செய்து நீட்டுகிறது, அதை வாங்கி வைக்க ஆள் வேண்டும். நீங்களோ விடையைக் கண்டுகொள்ளாதே என்று பெயரிலேயே சொல்லும் பிளாக்கில் போய் மாட்டியிருக்கிறீர்கள்! செட் பிளாக்கில் சொருகி அதே வேரியபிளுக்குக் கொடுங்கள், சரியாகிவிடும். பெயரின் மீதும் தப்பு உண்டு, ‘மாற்று’ என்று கட்டளை மாதிரி ஒலித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கேள்வி: கருவி அளவீடுகளுக்கு வயர் இழுத்துப் புரோகிராம் செய்யும் லேப்வியூவில் 12,5;13,1;12,9 என்று வரும் ரீடிங்கில் கமாவைப் புள்ளியாக்க ‘சர்ச் அண்ட் ரீப்ளேஸ் ஸ்ட்ரிங்’ (ஸ்ட்ரிங் என்றால் எழுத்துத் தொடர்) போட்டேன். முதல் கமா மட்டும் மாறுகிறது.

பதில்: அதில் ‘ரீப்ளேஸ் ஆல்?’ என்று ஓர் இன்புட் இருக்கிறது, வயர் கொடுக்காவிட்டால் ஃபால்ஸ், அதாவது ‘இல்லை’. ட்ரூ கான்ஸ்டன்ட் ஒன்றை மாட்டுங்கள். ஒரு மதிப்பை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தத் தப்பு கண்ணில் படவே படாது, தேடுவது மூன்று இடத்திலாவது வரும் ஸ்ட்ரிங்கை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்; எத்தனை மாறியது என்று ஓர் அவுட்புட்டும் சொல்லும். ஆப் இன்வென்டர், அதுபோலவே பிளாக் ஒட்டும் பிளாக்லி, கட்டட வடிவமைப்புக்கான டைனமோ மூன்றிலும் கேட்காமலே எல்லாவற்றையும் மாற்றிவிடும். வலைப்பக்க மொழியான ஜாவாஸ்கிரிப்டிலோ ரீப்ளேஸுக்கு வெறும் ஸ்ட்ரிங் கொடுத்தால் முதல் ஒன்றுதான், ரீப்ளேஸ்ஆல் 2021-ல்தான் அந்த மொழியின் தரநிலைக்குள் வந்தது. ஆக, ஒரே பெயர், வீட்டுக்கு வீடு வேறு பழக்கம்.

அப்புறம், லேப்வியூவில் பக்கத்திலேயே இருக்கும் ‘ரீப்ளேஸ் சப்ஸ்ட்ரிங்’கை எடுத்துவிடாதீர்கள். அது எதையும் தேடாது, எந்த இடத்திலிருந்து எத்தனை எழுத்து என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரைட் கிளிக் செய்து ரெகுலர் எக்ஸ்பிரஷனை (குறிகளால் வடிவம் சொல்லித் தேடும் முறை) ஆன் செய்திருந்தால் புள்ளியைத் தேடுவதும் ஆபத்து, அங்கே புள்ளி என்றால் எந்த எழுத்தும்.

கேள்வி: நோடுகளை வயரால் இணைத்து மெசேஜ் அனுப்பும் நோட்-ரெட்டில், சேஞ்ச் நோடில் ‘ON’-ஐ ட்ரூ ஆக்கினேன். சில மெசேஜில் பூலியன் (ட்ரூ/ஃபால்ஸ் மதிப்பு), சிலதில் ஸ்ட்ரிங்.

பதில்: மெசேஜ் முழுக்க ‘ON’ மட்டுமாக இருந்தால்தான் வகை மாறும். ‘FAN ON’ என்று வந்தால் ‘FAN true’ என்ற ஸ்ட்ரிங்காகவே நிற்கும்.

கேள்வி: தமிழ் வார்த்தை விளையாட்டு ஆப் செய்கிறேன். ‘க’வை அடிக்கோடாக மாற்றினால் ‘கிளி’யில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வருகிறது.

பதில்: நமக்குக் ‘கி’ ஓர் எழுத்து, கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் அது ககரமும் கொக்கியுமாக இரண்டு. ககரத்தைப் பிடுங்கியதும் கொக்கி அனாதையாக நிற்கிறது, அதைத்தான் வட்டத்தோடு பார்க்கிறீர்கள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, லெங்த் பிளாக் 5 என்னும். இங்கே ரீப்ளேஸையே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றாகப் படித்து, வருவது கால், கொம்பு, கொக்கி, புள்ளி என்றால் முந்தையதோடு சேர்த்து லிஸ்டாக்கிக்கொண்டு, முழு எழுத்தாக ஒப்பிட்டு மாற்றுங்கள். இன்னொரு தலைவலியும் உண்டு: ‘கௌ’வைப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக அடிப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. வார்த்தைப் பட்டியல் வேறொருவர் கொடுத்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கேள்வி: சிறுவர்களுக்கான பிளாக் மொழி ஸ்கிராட்சில் ரீப்ளேஸ் பிளாக் எந்தப் பிரிவில்?

பதில்: எதிலும் இல்லை. ஒரு லூப்பில் எழுத்தெழுத்தாக எடுத்து ஜாயினில் சேர்த்து நீங்களே ‘மை பிளாக்’ செய்ய வேண்டும். ஸ்கிராட்சின் சமக்குறி ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, அதனால் ‘a’வை மாற்றச் சொன்னால் ‘A’யும் சேர்ந்து போகும்.